இரண்டாம் எழுத்தும் தளரா ஊக்கமும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் இலக்கியக் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் சங்கம் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவது மரபு. அதனைச் சிறப்பாகச் செய்யவல்ல மூத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. நம் இளைஞர்களுள் சிலர் நாவல் எழுதியிருக்கிறார்கள். முதற்படியை முடித்த பின்னர், அதனைத் திருத்தி எழுதும் வேலையில் ஊக்கம் குன்றித் தாள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பயன்படும்படி சில சொற்கள் கூறவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பொருள் சிறியதாகத் தோன்றலாம். என் கருத்தில் அது சிறியதன்று.

நம் மக்களைப் பற்றி ஏடுகளே இல்லை என்று சொல்ல முடியாது. கிராமக் கணக்கில் நம் பெயர் உண்டு. காவல் நிலையப் பதிவேட்டில் உண்டு. மக்கள் தொகை அட்டவணையில் எண்ணாக உண்டு. பண்ணையாரின் கூலிக் கணக்கில் கைநாட்டாக உண்டு. பிறர் எழுதிய கதைகளில் பரிதாபத்துக்குரிய உருவமாகவும் உண்டு. இவற்றில் எல்லாம் இல்லாதது ஒன்றே ஒன்று. அது நம் உள்ளம். நம் பாட்டி எதற்குச் சிரித்தாள், எதற்கு வாய் மூடி இருந்தாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனை எழுதவல்லது நாவல். ஆதலால் பரண்மேல் கிடக்கும் ஒரு கையெழுத்துப்படி அதனை எழுதியவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பு அன்று. அதனை வேறொருவர் எடுத்து முடித்துத் தரவும் இயலாது.

முதற்படியை எழுத வைப்பது உணர்ச்சி. அவமானம், கோபம், அன்பு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது. முந்நூறு பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. ஆனால் அதனைத் திருத்தி முடிக்க உணர்ச்சி போதாது. அங்கே துணை நிற்பவை இரண்டு. ஒன்று ஒழுங்கு. மற்றொன்று நாம் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன். இவ்விரண்டையும் பற்றியே பேச விரும்புகிறேன்.

திருத்தம் தண்டனை அன்று

திருத்தம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்குப் பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை நினைவுக்கு வருகிறது. அந்த மையைக் கையாள்வது என் தொழில். எனவே அதன் ஆற்றலை நான் அறிவேன். வீட்டில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளைக்கு அந்த மை இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. 'உனக்கு வராது' என்று யாரோ சொல்வதாக அப்பிள்ளை எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த பின்னரும் அந்த அச்சம் உள்ளே ஒளிந்திருக்கிறது. தன் நாவலைத் தானே திருத்த உட்காரும்போது, மாணவனாகவும் கண்டிப்பான ஆசிரியராகவும் தானே பிளவுபட்டு நிற்கிறார். பத்துப் பக்கம் போவதற்குள் ஆசிரியர் வென்று மாணவன் ஓடிவிடுகிறான்.

நாவலைத் திருத்துவது பிழை பொறுக்குவது அன்று. தான் சொல்ல வந்தது என்ன என்பதைத் தானே கண்டுகொள்ளும் வேலை அது. சொன்ன சொல்லை மீண்டும் எடுத்துப் பார்த்து, 'இது அன்று, இதுவே நான் சொல்ல நினைத்தது' என்று மாற்றும் உரிமை பிறரால் எழுதப்பட்டே வந்த மக்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அதனைத் தண்டனை என்று எண்ணுவது முறையாகாது.

இதற்குச் சான்று வேண்டுமானால் அண்ணல் அம்பேத்கரைவிடச் சிறந்தவர் இல்லை. அரசியலமைப்புச் சட்டம் நாவல் அன்று; ஆயினும் அதுவும் திருத்தித் திருத்தி உருவான ஓர் எழுத்தே. வரைவுக் குழு 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைக்கப்பட்டது. 141 நாட்கள் அமர்ந்து பணியாற்றியது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் ஆக்கிய முதல் வரைவில் 243 பிரிவுகள் இருந்தன. வரைவுக் குழு அளித்த வரைவில் அவை 315 ஆயின. இறுதி வடிவில் 395 ஆயின. இடையில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் 7,635. அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473. இக்கணக்கை 1949 நவம்பர் 25ஆம் நாள் அண்ணல் அவர்களே அவையில் எடுத்துரைத்தார்கள்.

குழுவின் எழுவருள் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், வேறு சிலரும் பல காரணங்களால் பங்கேற்க இயலவில்லை. ஆகவே சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் அதே அவையில் கூறினார். உடல்நலம் குன்றியிருந்த காலத்தில் அவர் அச்சுமையைச் சுமந்தார். ஆயிரக்கணக்கான திருத்தங்களுக்கு விடை கூறினார். இறுதியில் பெருமையை ராவ் அவர்களுக்கும், வாசகங்களைச் செப்பமாக அமைத்த எஸ்.என்.முகர்ஜி அவர்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் தம் பெருநூலையும் அவர் இறுதிவரை கைவிடவில்லை. 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். நூல் 1957இல் வெளிவந்தது. மறைவதற்கு முந்தைய இரவில் அந்நூலின் முன்னுரைத் தாள்களைத் தம்மருகில் வைக்கும்படி கேட்டார் என்று அவருடைய உதவியாளர் நானக் சந்த் ரத்து பதிவு செய்திருக்கிறார். திருத்துவது தாழ்ந்த வேலை என்று எண்ணும் இளைஞர் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

ஊக்கம் ஏன் குன்றுகிறது?

நோயின் காரணம் தெரிந்தால் மருந்து தேடலாம். திருத்தும் காலத்தில் ஊக்கம் குன்றுவதற்கு நான்கு காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. முதற்படி எழுதும்போது நேற்று நூறாம் பக்கம், இன்று நூற்று நான்காம் பக்கம் என்று எண்ணிக்கை ஏறுகிறது; மனம் மகிழ்கிறது. திருத்தும்போது ஒரு நாள் முழுதும் உழைத்த பின்னர் நான்கு பக்கம் இரண்டாகக் குறைகிறது. உழைப்பு தேய்மானமாகத் தோன்றுகிறது.

இதற்கு மருந்து ஒரு கணக்கேடு. சிறிய குறிப்பேட்டில் நாள், பார்த்த பக்கங்கள், செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நாளும் ஒரே வரியில் எழுதுங்கள். முந்நூறு பக்க நாவலில் நாளொன்றுக்கு நான்கு பக்கம் திருத்தினால் 75 நாட்களில் முடியும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொண்டாலும் மூன்று மாதத்திற்குள் அடங்கிவிடும். பக்கம் குறைந்தாலும் குறிப்பேட்டில் வரிகள் கூடும். மனத்திற்கு வேண்டிய சான்று அங்கே கிடைக்கும். இங்கே ஒன்றை வலியுறுத்துகிறேன்: ஊக்கம் வந்த பிறகு உட்காரலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் உட்கார்ந்து பத்து நிமிடம் கழிந்த பிறகே ஊக்கம் வந்து சேர்கிறது.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த முயல்கிறோம். கதைப் போக்கு, மாந்தர், உரையாடல், வாக்கியம், ஒற்றுப்பிழை ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் நம்மைப் பார்த்துக் கூவுகின்றன. எதைத் தொடுவது என்று தெரியாமல் கை ஓய்ந்துவிடுகிறது.

இதற்கு மருந்து சுற்று முறை. முதற்படி முடிந்ததும் ஒரு மாதமேனும் அதனைத் தொடாமல் வையுங்கள். பின்னர் நாளுக்கு இருபது பக்கமாகப் பதினைந்து நாளில், கையில் பேனா இன்றிப் பிறர் எழுதிய நூலைப் படிப்பதுபோல் படித்து முடியுங்கள். அதன்பின் முதற்சுற்றில் கதைப் போக்கை மட்டும் பாருங்கள். ஒவ்வோர் அத்தியாயத்திலும் நடப்பது என்ன என்பதை ஓர் அட்டையில் ஒரு வரியாக எழுதித் தரையில் வரிசையாகப் பரப்பினால் எது இடம் மாறவேண்டும், எது வேண்டாதது, எங்கே இடைவெளி இருக்கிறது என்பவை தெரிந்துவிடும். இரண்டாம் சுற்றில் மாந்தரைப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். இறுதிச் சுற்றில் வாக்கியமும் எழுத்துப்பிழையும். நீக்கப்போகும் அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை பார்ப்பது, இடிக்கப்போகும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதாகும்.

வெட்டுவதற்கு அஞ்சாதிருக்க ஒரு வழி உண்டு. நீக்கிய பக்கங்களைக் கிழிக்காமல் தனி உறையில் இட்டு வையுங்கள். கணினியிலோ கைப்பேசியிலோ எழுதுவோர் ஒவ்வொரு சுற்றையும் நாளிட்டுத் தனிப்படியாகச் சேமித்து, மற்றோர் இடத்திலும் ஒரு படி வையுங்கள். பழையது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் கை துணிந்து வெட்டும்.

மூன்றாவது, கண் கையைவிட முன்னே போய்விடுகிறது. நூறு நல்ல நூல்களைப் படித்தவருக்குத் தம் எழுத்தின் குறை உடனே தெரியும். அதனைப் போக்கும் திறமை அவ்வளவு விரைவில் வராது. 'எனக்கு எழுத்து வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார். குறை தெரிவது வளர்ச்சியின் அடையாளம் என்பதை அவர் உணர்வதில்லை.

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ என்னும் பெண்மணி 1957இல் ஒரு நாவலைப் பதிப்பகத்திடம் அளித்தார். டே ஹோஹாஃப் என்னும் பதிப்பாசிரியர் அதில் ஆற்றல் இருப்பதைக் கண்டார். ஆனால் அது இன்னும் நாவலாகவில்லை என்றும் கண்டார். வளர்ந்த பெண் ஊர் திரும்பும் கதையாக இருந்தது, இரண்டாண்டுகளுக்கு மேல் திருத்தப்பட்டு, அப்பெண்ணின் குழந்தைப் பருவக் கதையாக மாறியது. ஓர் இரவு மனமுடைந்து அவர் தாள்களைச் சன்னல் வழியே பனியில் வீசிவிட்டார் என்றும், பதிப்பாசிரியர் தொலைபேசியில் அதட்டி அவற்றைப் பொறுக்கிவரச் செய்தார் என்றும் வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். அந்நாவலே 1960இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. பழைய முதற்படியும் 2015இல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்னும் பெயரில் அச்சாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்குத் திருத்தம் என்ன செய்யவல்லது என்பது விளங்கும்.

நான்காவது காரணம், யாரும் காத்திருக்கவில்லை என்னும் எண்ணம். லீ அம்மையாருக்கு அதட்டிச் சொல்ல ஒரு பதிப்பாசிரியர் இருந்தார். நம் இளைஞருக்கு யார் இருக்கிறார்கள்? இதற்கு மருந்து கேட்போர் கூட்டம். இருவர் போதும். ஒருவர் நாவல் படித்துப் பழகியவராக இருக்கட்டும். மற்றவர் நீங்கள் எழுதிய வாழ்வை வாழ்ந்தவராக இருக்கட்டும். அவருக்கு எழுத்தறிவு இல்லாவிட்டாலும் குற்றமில்லை; படித்துக் காட்டுங்கள்.

'பெண்கள் வரிசையாக நாற்று நட்டுக்கொண்டே முன்னேறினார்கள்' என்று ஓர் இளைஞர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாக்கியம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டு நடவு நட்ட அத்தை அதைக் கேட்டால், "முன்னாடி நடந்தா நட்டத நாமளே மிதிச்சுப்புடுவோமே தம்பி! பின்னால பின்னால போயித்தான நடணும்" என்று சொல்லிவிடுவார். எந்தப் பதிப்பாசிரியரும் சொல்ல முடியாத திருத்தம் அது.

கேட்பவரிடம் 'நன்றாக இருக்கிறதா?' என்று வினவாதீர்கள். நம் மக்கள் அன்பினால் 'நல்லா இருக்கு' என்றே சொல்வார்கள். எங்கே சலிப்பு வந்தது, எங்கே புரியவில்லை, எங்கே நம்ப முடியவில்லை என்னும் மூன்றை மட்டும் கேளுங்கள். அடுத்த வாரமும் ஓர் அத்தியாயம் கேட்க ஒருவர் வந்து அமர்வார் என்னும் நினைவே உங்களை மேசைக்கு அழைத்துச் செல்லும்.

நமக்கே உரிய சுமைகள்

இதுவரை கூறியவை எந்த எழுத்தாளருக்கும் பொருந்தும். நம் இளைஞர்களுக்கு இவற்றுக்கு மேலும் மூன்று சுமைகள் இருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஒன்று, வலி. அவமானப்பட்ட ஒரு நிகழ்ச்சியை முதன்முறை எழுதும்போது மனம் இலேசாகிறது. அதனையே ஐந்தாம் முறை திருத்தும்போது ஐந்தாம் முறை அவமானப்படுவதுபோல் இருக்கிறது. பலர் சோம்பலால் நிறுத்தவில்லை, இவ்வலியால் நிறுத்துகிறார்கள். இத்தகையோரை நான் சோம்பேறி என்று கடிந்துகொள்ள மாட்டேன். அத்தகைய அத்தியாயங்களை அடுத்தடுத்துத் தொடாதீர்கள். வாரத்திற்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனைப் பார்த்த மறுநாள் திருவிழாக் காட்சியையோ, குழந்தைகள் விளையாடும் பகுதியையோ, வெறும் எழுத்துப்பிழையையோ பாருங்கள். திருத்தும்போது நாம் பாதிக்கப்பட்டவராக மட்டும் இருப்பதில்லை. அந்நிகழ்ச்சியை எங்கிருந்து பார்ப்பது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பவற்றை இப்போது நாமே முடிவு செய்கிறோம். அன்று நமக்கு இல்லாத அதிகாரம் இன்று நம் கையில் இருக்கிறது. இதனை உணர்ந்தவருக்கு வலி முற்றும் நீங்காவிடினும் தாங்கும் வலிமை வரும்.

இரண்டு, மொழியைப் பற்றிய கூச்சம். திருத்தம் என்ற பெயரில் நம் தெருப் பேச்சை அழித்து ஏட்டுத் தமிழாக்கிவிடும் ஆசை எழும். 'கொச்சை' என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். வகுப்பறைக் கட்டுரையில் இலக்கணத் தமிழை வற்புறுத்துவது என் கடமை. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நாவலில் கூலிக்குச் செல்லும் கிழவி மேடைத் தமிழ் பேசினால் அது பொய். அவர் பேச்சை இலக்கணத்திற்காகத் திருத்தாதீர்கள், உண்மைக்காகத் திருத்துங்கள். அந்தச் சொல்லை அவர் அப்படித்தான் சொல்வாரா என்று காதால் சோதியுங்கள். 1992இல் வெளிவந்த பாமா அவர்களின் 'கருக்கு' தன் மக்கள் பேசும் தமிழிலேயே எழுதப்பட்டது. அது தன்வரலாறு, நாவல் அன்று என்பதை அறிவேன். ஆயினும் அம்மொழி தமிழ் உரைநடைக்கு ஒரு புது வழியைத் திறந்தது என்பதை இன்று மறுப்பார் இல்லை.

மூன்று, நம்மவர் என்ன சொல்வார்களோ என்னும் தயக்கம். முதற்படியில் நம் மாந்தர் அனைவரும் நல்லவராகவும், எதிர்த் தரப்பினர் அனைவரும் கொடியவராகவும் இருப்பது இயல்பு. கோபம் அப்படித்தான் எழுதும். இரண்டாம் சுற்றில் மாந்தரைக் கூர்ந்து நோக்கும்போதுதான் நம் வீட்டிற்குள்ளும் ஓர் அடக்குமுறை இருப்பது தெரிகிறது. மனைவியை அடிக்கும் நல்ல போராளி, உட்பிரிவு பார்க்கும் நல்ல தலைவர் எல்லாம் கண்முன் வருகிறார்கள். எழுதினால் பழி வருமோ என்று பேனா நிற்கிறது. ஊக்கம் குன்றியதாக நாம் நினைப்பது பல நேரங்களில் இந்த அச்சமே.

இங்கே ப.சிவகாமி அவர்களை நினைவு கூர்கிறேன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே 1989இல் 'பழையன கழிதலும்' என்னும் நாவலை வெளியிட்டார். சாதிக் கொடுமைக்கு ஆளான தங்கம் என்னும் பெண்ணின் துயரை அந்நாவல் கூறுகிறது. அதே நேரத்தில் அவளுக்காக வழக்காடும் நம் சமுதாயத் தலைவர் காத்தமுத்துவின் குறைகளையும், அவர் வீட்டுப் பெண்கள் படும் பாட்டையும் மறைக்காமல் கூறுகிறது. வியப்பு அத்துடன் நிற்கவில்லை. 1997இல் 'பழையன கழிதலும் ஆசிரியர் குறிப்பு' என்று மற்றொரு நூல் எழுதினார். தாம் எழுதிய நாவலைத் தாமே விசாரணை செய்தார். எதைச் சொன்னோம், எதை விட்டோம், ஏன் அப்படிச் சொன்னோம் என்று கேட்டார். பின்னர் இரண்டையும் தாமே ஆங்கிலத்தில் ஆக்கினார். அது 2006இல் வெளிவந்தது. அச்சாகிவிட்ட நூலையும் மீண்டும் எடுத்துப் பார்க்கும் துணிவு ஒருவருக்கு இருக்குமானால், அச்சாகாத தாள்களைப் பார்க்க நாம் அஞ்சலாமா?

எங்கே நிறுத்துவது?

திருத்துவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அது முடிக்காமலே இருப்பது. இதற்கு ஒருவர் வாழ்விலேயே இரு பக்கமும் காணக் கிடைக்கின்றன. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எல்லிசன் 1945இல் தொடங்கி ஏழாண்டுகள் உழைத்து 1952இல் 'இன்விசிபிள் மேன்' என்னும் நாவலை வெளியிட்டார். கண் முன் நின்றாலும் பிறர் காண மறுக்கும் ஒரு மனிதனின் கதை அது. நமக்கு விளக்கம் வேண்டாத கதை! 1953இல் அதற்கு அமெரிக்காவின் தேசிய நூல் விருது கிடைத்தது. ஆனால் அவருடைய இரண்டாம் நாவல் அவர் வாழ்நாளில் வெளிவரவே இல்லை. 1967இல் வீட்டில் தீப்பற்றிக் கையெழுத்துப்படியின் ஒரு பகுதி எரிந்தது. அதன்பின் 1994இல் மறையும்வரை எழுதியும் திருத்தியும் வந்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் எஞ்சின. பிறர் தொகுத்து 1999இல் ஒரு பகுதியையும், 2010இல் விரிவான பதிப்பையும் வெளியிட்டார்கள். அவர் உழைப்பை நான் குறைகூறவில்லை. ஆயினும் அவர் கையாலேயே முடிந்த ஒரு நூல் நமக்குக் கிடைக்காமற் போனது இழப்புத்தான்.

ஆகையால் தொடங்கும்போதே எத்தனை சுற்று, எந்த நாளுக்குள் என்று வரையறை செய்துகொள்ளுங்கள். ஒரு சொல்லை மாற்றி, மறுநாள் பழைய சொல்லையே மீண்டும் எழுதும் நிலை வந்தால் நாவல் முடிந்துவிட்டது என்று பொருள். மேலும் தொடுவது அதனைச் செம்மையாக்காது. உங்களிடமிருந்து அதனைப் பிரித்து அனுப்பிவிடுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

இளைஞர்களுக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு அமர்ந்தால் என் கடமை பாதியே முடிந்ததாகும். ஊக்கம் என்பது தனி மனிதரின் மனத்தில் மட்டும் ஊறுவது அன்று. அது இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் வாழும்போது முந்நூறு பக்கத்தைத் தரையில் பரப்பி வைத்துப் பார்க்க இடம் எங்கே? பகலெல்லாம் கூலிக்கோ அலுவலகத்திற்கோ சென்று திரும்பும் இளைஞர் எந்த நேரத்தில் எழுதுவார்? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். அவள் எழுத உட்காரும் நேரத்தில்தான் வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் மகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் அவளை அழைக்காதீர்கள். நான் கேட்பது பணம் அன்று.

சங்க நிருவாகிகளிடமும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். மாலையில் படிப்பகத்தில் இரண்டு மேசைகளை எழுதுவோர்க்கென ஒதுக்கித் தாருங்கள்; தாள்களைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரியும் தாருங்கள். திங்கள் ஒருமுறை வாசிப்புக் கூட்டம் நடத்துங்கள். அதில் எழுத்தறியா முதியோரை முன்வரிசையில் அமர்த்துங்கள். மூன்றாவதே முதன்மையானது: நம் குறைகளை எழுதும் இளைஞரைக் கண்டு சினம் கொள்ளாதீர்கள். 'ஊராருக்கு நம்மைக் காட்டிக் கொடுக்கிறான்' என்று சொல்லாதீர்கள். பொய் சொல்லி நம்மைப் புகழ்பவரைவிட, உண்மை சொல்லி நம்மை நினைப்பவரே நமக்கு வேண்டியவர்.

இளைஞர்களே! நெல் முதலில் நாற்றங்காலில் நெருக்கமாக, பச்சைப் பசேலென வளர்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கேயே விட்டால் கதிர் திரளாது. பறித்து, முடிச்சாகக் கட்டி, சேற்றில் இடைவெளி விட்டு நட்டாக வேண்டும். அவ்வேலையைச் செய்து செய்து முதுகு வளைந்தவர்கள் நம் தாய்மார்கள். குனிந்த முதுகோடு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து, நட்டதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் வயலை முடித்தார்கள். உங்கள் முதற்படி நாற்றங்கால். அதனை நடுவதற்கு வேண்டிய பொறுமை உங்கள் குருதியில் இருக்கிறது.

இன்று இரவே பரண்மேல் இருக்கும் கட்டை இறக்குங்கள். தூசி தட்டுங்கள். முதல் நாள் நான்கு பக்கம் போதும். அடுத்த ஆண்டு இச்சங்கத்தின் ஆண்டு விழாவில் உங்கள் நூலின் முதற்படியை உங்கள் தாயார் கையில் நீங்கள் தரும் காட்சியைக் காண நான் ஆவலோடு இருக்கிறேன்.